கோவையில் தொடங்கி ஃபார்முலா 1 வரை: நரேன் கார்த்திகேயன் ஏறி வந்த படிகள்

கோயம்புத்தூர்: ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் இந்தியக் கொடியுடன் களமிறங்கியவர்கள் இதுவரை இருவர் மட்டுமே. ஒருவர் கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். மற்றவர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டிலிருந்து இருவர்தான் அந்த இடத்தை எட்டியுள்ளனர் என்பதும், அவ்விருவருமே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதும் ஒருசேரக் கவனிக்கத்தக்கவை.

2024ஆம் ஆண்டு செப்டம்பரில், அர்ஜென்டினாவின் 21 வயது இளைஞர் ஃபிராங்கோ கோலபின்டோ, இத்தாலியின் மோன்சா தடத்தில் வில்லியம்ஸ் அணிக்காக அறிமுகமானார். கால்பந்து தேசம் என்று அறியப்பட்ட அந்நாடு ஒரு கார் பந்தய வீரரைக் கொண்டாடியது. 2001இல் காஸ்டோன் மசகானே ஓட்டிய பிறகு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அர்ஜென்டினாவுக்கு ஃபார்முலா 1இல் ஆள் இல்லை. ஐந்து முறை உலகச் சாம்பியனான ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோ பிறந்த நாட்டுக்கே இந்த நிலை. அப்படியானால் பந்தய மரபு ஏதுமில்லாத ஓர் ஊரிலிருந்து ஒருவர் அங்கு சென்றது எப்படி என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடை பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய தொலைவில் இருக்கிறது.

மரபு ஏதுமில்லை என்று சொல்வதும் முழு உண்மையாகாது.

கோவையில் ஏன்?

வாளையாறு வழியாகப் பாலக்காட்டிலிருந்தும், மறையூர், உடுமலைப்பேட்டை வழியாக மூணாறு மலைப்பகுதியிலிருந்தும் மருத்துவம், கல்வி, வணிகம் எனக் கோவைக்கு வந்து செல்வோர் பலர். அவர்களுக்கு இந்நகரம் பஞ்சாலைகளாலும் பம்ப்செட்டுகளாலும் அறிமுகமானது. அதே ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும்தான் இங்கு கார் பந்தயத்தையும் வளர்த்தன. இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கைகளும், அதற்கு வேண்டிய உதிரிப்பாகத்தை உள்ளூரிலேயே கடைந்தெடுக்கும் வசதியும் இருந்த ஊர் இது. பொழுதுபோக்குக்காகக் காரை வேகமாக ஓட்டிய ஆலை அதிபர் குடும்பத்து இளைஞர்களும் இருந்தனர்.

அவர்களில் தனித்து நின்றவர் எஸ்.கரிவரதன். பந்தயங்களில் பங்கேற்றதோடு நில்லாமல், இந்தியாவிலேயே, எட்டக்கூடிய செலவில், ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் உருவாக்க வேண்டும் என்று முனைந்தார். மாருதி காரின் இயந்திரத்தைப் பொருத்தி அவர் வடிவமைத்த சிறிய கார்தான் ஃபார்முலா மாருதி பந்தயத்துக்கு வித்திட்டது. அதற்கு முன் வெளிநாட்டிலிருந்து பழைய பந்தயக் காரை இறக்குமதி செய்யும் வசதி படைத்தவர்களே ஒற்றை இருக்கைக் கார் ஓட்ட முடிந்தது. 1995இல் விமான விபத்தில் கரிவரதன் உயிரிழந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் அவரது நினைவாகக் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ எனப் பெயர் பெற்றது. தேசிய கார் பந்தயச் சாம்பியன்ஷிப்பின் சுற்றுகள் இங்கு நடத்தப்படுகின்றன.

நரேனின் உறவினர்தான் கரிவரதன். நரேனின் தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயனோ தேசிய ராலி சாம்பியன். தென்னிந்திய ராலியில் ஏழு முறை வென்றவர். வீட்டிலேயே பந்தயம் இருந்தது என்று சொல்வது மிகையாகாது.

முதல் பந்தயமும் பிரான்ஸ் பயிற்சியும்

1977ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, பொங்கல் நாளில் சென்னையில் பிறந்த நரேன், கோவை ஸ்டேன்ஸ் பள்ளியில் பயின்றார். இன்றைய வீரர்கள் ஏழெட்டு வயதிலேயே கார்ட்டிங் எனப்படும் சிறுவண்டிப் பந்தயத்தில் அமர்ந்துவிடுகின்றனர். நரேனின் பந்தயப் பதிவோ ஃபார்முலா மாருதியில்தான் தொடங்குகிறது. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் தடத்தில் நடைபெற்ற முதல் பந்தயத்திலேயே அவர் முதல் மூவருள் ஒருவராக வந்தார்.

1992இல் பிரான்ஸில் உள்ள எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குச் சென்றார். அங்கு ஃபார்முலா ரெனால்ட் கார்களில் நடத்தப்பட்ட ‘பைலட் எல்ஃப்’ தேர்வுப் போட்டியில் அரையிறுதி வரை முன்னேறினார். அப்போது அவருக்கு வயது 15. இந்தியாவில் அந்த வயதில் கார் ஓட்ட ஓட்டுநர் உரிமம்கூடக் கிடையாது.

அடுத்த ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியும், பிரிட்டனில் ஃபார்முலா வாக்ஸ்ஹால் ஜூனியரும் என இரு நாடுகளில் ஓட்டினார். 1994இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு பந்தயங்களில் பங்கேற்று, அவ்வாண்டின் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் பந்தயச் சாம்பியன் பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்கு அதில் கிடைத்தது. அதன் பின் அவர் ஆசியாவுக்குத் திரும்பி, 1995இல் ஃபார்முலா ஏசியா தொடரில் நான்கு பந்தயங்களில் மட்டும் பங்கேற்றார். மறு ஆண்டு முழுத் தொடரிலும் ஓட்டிப் பட்டத்தைக் கைப்பற்றினார். அத்தொடரை வென்ற முதல் ஆசியரும் அவரே.

ஐரோப்பாவில் ஒரு பட்டம் வென்ற பின் ஆசியத் தொடருக்குத் திரும்பியது ஒரு படி கீழிறங்கியதுபோலத் தோன்றலாம். ஆனால் இளையோர் பந்தயத்தில் திறமைக்கு இணையாகத் தேவைப்படுவது செலவைத் தாங்கும் ஆதரவு. ஓர் ஆண்டு சும்மா இருப்பதைவிட, கிடைக்கும் இடத்தில் ஓட்டி வெற்றியுடன் திரும்புவது புத்திசாலித்தனம். 1997இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஓபல் தொடரில் டோனிங்டன் பார்க் தடத்தில் அவர் வென்றது அந்த முடிவு சரியென்பதைக் காட்டியது.

பிரிட்டிஷ் ஃபார்முலா 3: மூன்று ஆண்டுகள்

அக்காலத்தில் ஃபார்முலா 1 அணி உரிமையாளர்கள் கூர்ந்து கவனித்த இளையோர் தொடர் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 ஆகும். அயர்டன் சென்னா உள்ளிட்ட பலர் அதன் வழியே மேலேறியவர்கள். 1998இல் கார்லின் அணியுடன் நரேன் அதில் நுழைந்தார். அந்த ஆண்டு பத்துச் சுற்றுகளில் மட்டுமே ஓட்டினாலும், ஸ்பா, சில்வர்ஸ்டோன் தடங்களில் மூன்றாமிடம் பெற்றார். 1999இல் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் இரு வெற்றிகளுடன் பட்டியலில் ஆறாமிடம் பிடித்தார். 2000ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் அணிக்கு மாறி நான்காமிடத்துக்கு முன்னேறினார். அதே ஆண்டு தென்கொரியாவில் நடைபெற்ற கொரியா சூப்பர் பிரீ பந்தயத்தையும் வென்றார்.

பன்னிரண்டு, ஆறு, நான்கு என்று ஏறிய இந்த வரிசை ஒரு வீரரின் வளர்ச்சியைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆயினும் பட்டம் வெல்லவில்லை. இளையோர் தொடரில் சாம்பியன்களுக்கே கதவு எளிதில் திறக்கும். நான்காமிடம் பெற்றவர் கதவைத் தட்ட வேண்டும், தட்டும் கையில் பணமும் இருக்க வேண்டும். நரேனின் அடுத்த நான்கு ஆண்டுகள் அப்படித்தான் கழிந்தன.

கிடைத்தும் கிடைக்காத இருக்கை

2001ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி சில்வர்ஸ்டோன் தடத்தில் ஜாகுவார் அணியின் காரைச் சோதனை ஓட்டம் ஓட்டினார் நரேன். ஃபார்முலா 1 காரை ஓட்டிய முதல் இந்தியர் அவரே. அதே ஆண்டு ஜோர்டான் அணியின் சோதனை வாய்ப்பும் கிடைத்தது. செய்தித்தாள்களில் அவரது படம் வந்தது. பந்தய இருக்கை மட்டும் வரவில்லை. ஜப்பானில் ஃபார்முலா நிப்பான் தொடரிலும், பின்னர் ஐரோப்பாவில் நிசான் உலகத் தொடரிலும் ஓட்டினார். 2003இல் அத்தொடரில் இரண்டு பந்தயங்களை வென்று நான்காமிடம் பெற்றார்.

2004ஆம் ஆண்டுக்கான இடத்தை மினார்டி அணி அவருக்கு வழங்க முன்வந்தது. ஆனால் அதற்கு ஈடாகத் தேவைப்பட்ட விளம்பரதாரர் தொகையைத் திரட்ட முடியாமல் அந்த வாய்ப்பு நழுவியது. அக்காலத்தில் பந்தயக் களத்தின் கடைசி வரிசையில் நின்ற அணி மினார்டி. அங்கு அமர்வதற்கே அவ்வளவு பணம் வேண்டியிருந்தது. பதினைந்து வயதில் பிரான்ஸ் சென்ற சிறுவன் 27 வயதில் வாசல்படி வரை வந்து திரும்பினான் என்பதே அந்த ஆண்டின் சுருக்கம். நிசான் தொடரில் மீண்டும் ஓட்டி, வலென்சியாவிலும் மாக்னி கூரிலும் வென்றார்.

2005 பிப்ரவரி 1ஆம் தேதி ஜோர்டான் அணியுடன் முதற்கட்ட ஒப்பந்தம் செய்துள்ளதாக அறிவித்தார். டாடா குழுமம், பாரத் பெட்ரோலியம், ஜேகே டயர் ஆகிய இந்திய நிறுவனங்களின் ஆதரவு அவருக்குப் பின்னால் இருந்தது. மார்ச் 6ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடைபெற்ற பந்தயத்தில் 12ஆவது இடத்திலிருந்து புறப்பட்டு 15ஆவதாக முடித்தார். அப்போது அவருக்கு வயது 28.

ஐந்து புள்ளிகள்

அதே ஆண்டு ஜூன் 19இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நடைபெற்ற பந்தயம் ஃபார்முலா 1 வரலாற்றில் விசித்திரமானது. மிஷெலின் டயர்கள் அத்தடத்தின் சாய்வான வளைவைத் தாங்காது எனத் தெரியவந்ததால், அந்த டயர்களைப் பயன்படுத்திய 14 கார்கள் அறிமுகச் சுற்று முடிந்ததும் விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பொருத்திய ஆறு கார்கள் மட்டுமே ஓடின. ஃபெராரி அணியின் மைக்கேல் ஷூமாக்கர், ரூபன்ஸ் பாரிசெல்லோ முதல் இரு இடங்களையும், ஜோர்டானின் டியாகோ மான்டெய்ரோ மூன்றாமிடத்தையும் பெற்றனர். நரேன் நான்காமிடம் பெற்று ஐந்து புள்ளிகள் ஈட்டினார்.

ஆறு பேர் ஓடிய பந்தயத்தில் நான்காமிடம் என்று இதைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. மினார்டியின் இரு கார்களை முந்தி முடிக்க வேண்டியிருந்தது என்பதையும், ஃபார்முலா 1இல் இந்தியர் ஒருவர் புள்ளி பெற்றது அன்றுதான் முதல் முறை என்பதையும் சேர்த்தே அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டுக்குப் பின் ஜோர்டான் அணியில் அவருக்கு இடமில்லை. 2006, 2007இல் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநரானார். ஏ1 கிராண்ட் பிரீ தொடரில் இந்திய அணிக்காக 2007 டிசம்பரில் சீனாவின் ஜூஹாய் தடத்தில் வென்றார். 2010இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2011இல் எச்ஆர்டி அணியுடன் ஃபார்முலா 1க்குத் திரும்பி, அக்டோபர் 30ஆம் தேதி நொய்டா அருகே நடைபெற்ற முதல் இந்திய கிராண்ட் பிரீயில் 17ஆவதாக முடித்தார். 2012 மலேசியப் பந்தயத்தில் கனமழையால் போட்டி நிறுத்தப்பட்டபோது அவர் பத்தாவது இடத்தில் இருந்தார். களத்தின் மெதுவான கார்களில் ஒன்றை அங்கு நிறுத்தியது அவரது முன்யோசனையான டயர் தேர்வு. பின்னர் ஜப்பானில் நீண்ட காலம் ஓட்டி, 2019 நவம்பரில் ஃபுஜி தடத்தில் சூப்பர் ஜிடி, டிடிஎம் கார்கள் சேர்ந்து ஓடிய சிறப்புப் பந்தயத்தில் வென்றார்.

இன்றைய ஏணி

நரேன் ஏறிய வழி இன்று அப்படியே இல்லை. 2015இல் 17 வயதில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் அறிமுகமானதைத் தொடர்ந்து, சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு 2016 முதல் விதிகளை இறுக்கியது. ஃபார்முலா 1 ஓட்டுவதற்கான சிறப்பு உரிமம் பெற மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஃபார்முலா 2 தொடரில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் அந்த 40 புள்ளிகளும் ஒரே ஆண்டில் கிடைக்கும். ஃபார்முலா 3 சாம்பியனுக்கு 30. தேசிய அளவிலான ஃபார்முலா 4 சாம்பியனுக்கு 12.

கோலபின்டோ இந்த ஏணியில்தான் ஏறினார். 14 வயதில் தனியே இத்தாலிக்குச் சென்று, 2019இல் ஸ்பெயின் ஃபார்முலா 4 பட்டம் வென்று, ஃபார்முலா 3, ஃபார்முலா 2 எனப் படிப்படியாக முன்னேறினார். 2024 அசர்பைஜான் பந்தயத்தில் எட்டாமிடம் பெற்று நான்கு புள்ளிகள் ஈட்டினார். நரேன் 28 வயதில் எட்டிய வாசலை அவர் 21 வயதில் எட்டினார். இருவருக்கும் இடையிலான ஏழு ஆண்டு இடைவெளியில் பெரும் பகுதி, பணம் திரட்டக் காத்திருந்த காலம் என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு.

இந்தியாவிலும் முதல் படி இப்போது இருக்கிறது. கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற இந்திய ஃபார்முலா 4 தொடரின் சுற்றுகள் சென்னையிலும் கோவையிலும் நடந்துள்ளன. மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரில் தள்ளிப்போன சென்னை இரவு நேரச் சாலைப் பந்தயம், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர் தடத்தில் நடைபெற்றது. மேல் படிகளில் மும்பையைச் சேர்ந்த ஜெஹான் தாருவாலா, பெங்களூருவைச் சேர்ந்த குஷ் மைனி ஆகியோர் ஃபார்முலா 2 பந்தயங்களை வென்றுள்ளனர். எனினும் 2012க்குப் பின் இந்தியர் எவரும் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டவில்லை.

எல்லைப் பகுதியில் வசிக்கும் இளைஞர் ஒருவர் பந்தயம் பார்க்க விரும்பினால் நொய்டாவுக்கோ சிங்கப்பூருக்கோ செல்ல வேண்டியதில்லை. வாளையாறு கடந்து கோவை வந்து, செட்டிபாளையம் செல்லும் பேருந்தில் ஏறினால் போதும். பந்தய நாள்களில் அந்தத் தடத்தில் ஓடுபவற்றில் ஃபார்முலா எல்ஜிபி 4 வகைக் கார்களும் உண்டு. கரிவரதன் காலத்து யோசனையின் நேர் வாரிசு என்று சொல்லத்தக்க, உள்ளூரில் கட்டப்பட்ட ஒற்றை இருக்கைக் கார்கள் அவை.