தாய்மாமன் வீட்டுக்குப் போன படங்கள்

வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரே சிறுமியின் தைலவண்ணப் படங்கள் மூன்று இருக்கின்றன. ரோஜா நிற உடையில் அவளுக்கு மூன்று வயதுகூட நிரம்பியிருக்காது. வெள்ளை உடையில் ஐந்து, நீல உடையில் எட்டு. வரைந்தவர் ஸ்பானிய அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ். சிறுமி, மன்னர் நான்காம் பிலிப்பின் மகள் மார்கரீட்டா தெரேசா, 1651இல் பிறந்தவள்.

மாட்ரிட்டில் வரைந்தவை வியன்னாவுக்கு ஏன் போயின? அது அவள் அம்மா மரியானாவின் பிறந்த வீடு. அங்கே அவளைவிடப் பதினோரு வயது மூத்த தாய்மாமன் லியோபோல்ட் இருந்தார். அவருக்குத்தான் அவளைக் கொடுப்பதாகப் பேச்சு. முறைப்பெண் என்ற ஒரு சொல்லில் நமக்கு இது விளங்கிவிடுகிறது. இவ்வளவு எளிதில் விளங்குவதுதான் என்னை உறுத்துகிறது. மரியானாவின் கதையும் இதுவே. பிலிப்பின் மகனுக்கு நிச்சயிக்கப்பட்டவள் அவள். 1646இல் அவன் இறந்தான். 1649இல் பதினான்கு வயதில், அவனுடைய தந்தைக்கே, தன் தாய்மாமனுக்கே மனைவியானாள்.

வெலாஸ்கெஸின் யதார்த்தத்தைக் கலை விமர்சகர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கும் பிடிக்கும். நீலப் பட்டின் வெள்ளிக் கரைகள் அருகில் போனால் வெறும் தீற்றல்களாகக் கலைந்துவிடும். ஆனால் பெண் கேட்கும் வீட்டுக்கு யதார்த்தம் என்பது அத்தாட்சி: தோல் தெளிவாக இருக்கிறது, கூந்தல் அடர்த்தி, பிள்ளை வளர்கிறாள்.

அந்த நீல உடையை அகல விரித்துப் பிடிப்பது உள்ளே இருக்கும் வளையக் கூடு. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் 'குவார்தாஇன்ஃபாந்தே', அதாவது பிள்ளைக் காப்பு. கள்ளக் கர்ப்பத்தை மறைக்க உதவுகிறது என்ற ஏச்சிலிருந்து வந்த பெயர். உரிமம் பெற்ற பாலியல் தொழிலாளர்களைத் தவிர வேறு பெண்கள் அதை அணியக் கூடாது என்று 1639இல் தடை போட்டவர் இதே பிலிப்தான். தடை எடுபடவில்லை. இருபது ஆண்டு கழித்து அவருடைய எட்டு வயது மகளே அதற்குள் நிற்கிறாள். அந்த முகத்தில் எனக்குத் தெரிவது களைப்பு. வெலாஸ்கெஸ் அதை மழுப்பவில்லை.

1666இல், பதினைந்து வயதில், திருமணம். பிறந்த நான்கு குழந்தைகளில் ஒரு மகள் மட்டுமே பிழைத்தாள். கருச்சிதைவுகள் தனி. 1673இல், இருபத்தொரு வயதில் மார்கரீட்டா இறந்தாள்.

பிழைத்த மகள் மரியா அந்தோனியாவையும் ஸ்பெயினில் இருந்த தாய்மாமன் இரண்டாம் கார்லோஸுக்குக் கொடுப்பதாகத்தான் முதலில் பேசினார்கள்.