குண்டதிர்ச்சி என்றொரு வியாதி

1915ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 13ஆம் தேதி வெளிவந்த ‘லான்செட்’ என்னும் லண்டன் வைத்திய சஞ்சிகையில், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார்லஸ் மையர்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர் மூன்று சிப்பாய்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அம்மூவரில் முதல்வனுக்கு வயது இருபது. பின்வாங்கும்போது முள்கம்பி வேலியில் சிக்கிக்கொண்ட அவனைச் சுற்றிலும் பீரங்கிக் குண்டுகள் விழுந்து வெடித்தன. உயிர் தப்பி மீண்டவனுக்கு உடம்பில் சொல்லத்தக்க காயம் ஏதுமில்லை. ஆனால் கண் பார்வை மங்கிவிட்டது. நாவுக்குச் சுவையும் நாசிக்கு வாசனையும் எட்டாமற் போயின. காதைப் பிளக்கும் ஓசையோடு வெடித்த குண்டு, கேட்கும் சக்தியை மட்டும் அநேகமாக ஒன்றும் செய்யாது விட்டுவிட்டு, பார்வையையும் ருசியையும் ஞாபகத்தையும் பறித்துக்கொண்டது எவ்வாறு என்று மையர்ஸ் வியந்தார். ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர், அதாவது குண்டதிர்ச்சி என்பது, வைத்திய ஏடுகளில் இடம்பெற்றது அக்கட்டுரை முதற்கொண்டுதான்.

வியாதி என்னவோ புதிதன்று. அந்நிய மன்னர்களிடம் கூலிக்குப் போர் புரிந்த ஸ்விஸ் நாட்டார் வீட்டு ஏக்கத்தால் உருக்குலைந்து போவதை யோகன்னஸ் ஹோபர் என்பவர் 1688லேயே எழுதி வைத்தார். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்துச் சிப்பாய்களின் காரணமற்ற நெஞ்சுப் படபடப்பை 1871ல் டகோஸ்டா என்ற வைத்தியர் விவரித்தார். ஆயினும் அக்காலத்துப் போர் பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாட்களோ நடந்து ஓய்வது. முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸிலும் பெல்ஜியத்திலுமோ, நாலாண்டுக் காலம், கண்ணுக்குத் தென்படாத பீரங்கி எங்கிருந்தோ எறியப்போகும் குண்டை எதிர்பார்த்துச் சேறு நிறைந்த அகழிக்குள் செயலற்று உட்கார்ந்திருப்பதே சிப்பாயின் பிழைப்பாயிற்று. ஓடவும் வழியில்லை, எதிர்த்து அடிக்கவும் ஆளில்லை என்ற அந்த நிலைமையில், நடுக்கமும் ஊமைத்தனமும் பக்கவாதமும் தூக்கத்தில் அலறலுமாக ஆயிரக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிகளை நிறைத்தார்கள். யுத்தம் முடிவதற்குள் பிரிட்டிஷ் பட்டாளத்தில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் இவ்வகையில் சிகிச்சை பெற்றதாகக் கணக்கு.

வெடியின் வேகம் மூளையின் நுண்ணிய இழைகளைச் சிதைத்திருக்க வேண்டும் என்றே முதலில் கருதினார்கள். அது உண்மையாயிருந்தால் எல்லாருக்குமே நிம்மதியாக இருந்திருக்கும். ஏனெனில் உடம்பில் பட்ட அடி யாருக்கும் அவமானமன்று. ஆனால் குண்டு விழுந்த திசைக்கே போகாதவர்களும் அதே நோயோடு வந்து சேர்ந்தபோது, பட்டாளத்தின் மேலிடம் ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்தது. பகைவனின் குண்டு அருகில் வெடித்ததால் முறிந்தவன் காயம்பட்டவன். சட்டைக் கையில் காயப் பட்டை தைத்துக்கொள்ளவும் பென்ஷன் கோரவும் அவனுக்கு உரிமை உண்டு. மாதக்கணக்கில் பட்ட வேதனையின் பாரத்தால் முறிந்தவனோ வெறும் நோயாளி. அவனுக்குப் பட்டையும் இல்லை, பென்ஷனும் இல்லை. ஒரே கூடாரத்தில் அடுத்தடுத்த கட்டில்களில் ஒரே விதமாக நடுங்கிக்கொண்டிருந்த இருவரை இவ்விதம் பிரித்து வைப்பதற்கு எந்த வைத்திய சாஸ்திரத்திலும் ஆதாரம் கிடையாது. 1916 ஜூலை முதல் தேதியன்று, சோம் நதிப் பிரதேசத்தில் ஒரே நாளில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் 57,470 பேர் மடிந்தும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். தொடர்ந்து அங்கு நடந்த போரில் இந்நோயாளிகளின் தொகை கட்டுக்கடங்காது பெருகவே, மறு வருஷம் குண்டதிர்ச்சி என்ற பெயரையே உபயோகிக்கலாகாதென்று உத்தரவு பிறந்தது.

இரண்டு வகையிலும் சேராதவனுக்கு மூன்றாவது இடம் ஒன்று இருந்தது. ஹாரி பார் என்ற சிப்பாய் 1915ல் குண்டதிர்ச்சிக்காக ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். கை நடுக்கத்தால் பேனா பிடிக்க இயலாமல், மனைவிக்குக் கடிதம் எழுதக்கூடத் தாதியின் உதவி அவனுக்கு வேண்டியிருந்தது. 1916 செப்டம்பரில், போர்முனைக்குப் போக என்னால் ஆகாது என்று அவன் நின்றுவிட்டான். ராணுவ நீதிமன்றத்தில் அவன் பக்கம் பேச ஒருவருமில்லை. அவனை அறிந்த வைத்தியரோ காயம்பட்டுப் போயிருந்தார். இருபது நிமிஷத்தில் விசாரணை முடிந்தது. கோழைத்தனம் என்ற குற்றத்துக்காக அக்டோபர் 16ஆம் தேதி விடியற்காலையில், கண்ணைக் கட்ட வேண்டாமென்று மறுத்து நின்ற அவனைச் சொந்தப் பட்டாளத்தாரே சுட்டுக் கொன்றார்கள். அவன் மனைவிக்குப் பென்ஷன் மறுக்கப்பட்டது.

சிகிச்சை என்ற பெயரால் நடந்தவற்றிலும் கொடுமை குறைவில்லை. லண்டன் குவீன் ஸ்கொயர் ஆஸ்பத்திரியில் லூயிஸ் யெல்லண்ட் என்ற வைத்தியர், பல போர்முனைகளைக் கண்டு பேச்சை இழந்த இருபத்து நாலு வயதுச் சிப்பாய் ஒருவனை இருட்டறையில் பூட்டி, பேசினால்தான் வெளியே போகலாம் என்று சொல்லி, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். நாலு மணி நேரத்தில் அவன் பேசினான். அதற்கு முன்பே வேறு யாரோ அவன் நாக்கு நுனியைச் சிகரெட்டுக் கொள்ளியால் சுட்டும் பார்த்திருந்தார்கள். இதனைத் தம் வெற்றியாகக் கொண்டு 1918ல் யெல்லண்டே புத்தகத்தில் எழுதினார். மனிதன் வாய் திறந்தான் என்பது வரை உண்மை, குணமடைந்தான் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இவர்களுக்கு நடுவே டாக்டர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்பவரைத் தமிழர்கள் அறிந்துகொள்ள ஒரு தனிக் காரணம் உண்டு. 1901, 1902ஆம் ஆண்டுகளில் நம் நீலகிரியில் தங்கித் தோடர்களின் வம்சாவளியையும் சடங்குகளையும் மந்துமந்தாக விசாரித்து 1906ல் பெரும் புத்தகமாக வெளியிட்டவர் அவரே. மரித்தவர்களின் பெயரை உறவினர் வாயால் உச்சரிக்கலாகாது என்ற வழக்கமுள்ள ஜனங்களிடம் தலைமுறைக் கணக்கைக் கேட்டறிவதற்கு எவ்வளவு பொறுமையும் மரியாதையும் வேண்டும்! சொல்லத் தயங்குவதை வற்புறுத்தாமல் கேட்கும் அந்தப் பக்குவமே பின்னாளில் கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கைகொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

எடின்பரோ நகருக்கருகே நீர்ச் சிகிச்சை விடுதியாய்க் கட்டப்பட்ட அந்தப் பெரிய மாளிகை, 1916 அக்டோபர் முதல் அதிகாரிகளுக்கான ராணுவ ஆஸ்பத்திரியாக நடந்தது. அங்கு வந்தவர்களுக்கு உற்றாரும் வைத்தியர்களும் சொல்லி வந்த புத்திமதியெல்லாம், நடந்ததை மறந்துவிடு, நினைக்காதே என்பதுதான். பகலெல்லாம் பாடுபட்டு அடக்கி வைத்த நினைவே இரவில் துர்ஸ்வப்னமாக மூர்க்கத்துடன் திரும்புகிறது என்று ரிவர்ஸ் கண்டார். ஓர் அதிகாரி, குண்டில் சிதறித் தலை வேறு கை கால் வேறாகக் கிடந்த தன் சிநேகிதனின் சடலத்தைக் கண்டவர்; இரவுதோறும் அக்கோலத்திலேயே அவன் கனவில் வந்தான். ரிவர்ஸ் மறக்கச் சொல்லவில்லை. இவ்வளவு சிதைந்திருக்கிறதென்றால் அவன் கணப்பொழுதில் இறந்திருக்க வேண்டும், நெடுநேரம் துடித்திருக்க முடியாது என்பதை மட்டும் எடுத்துச் சொன்னார். அதிகாரியின் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே வரவில்லை. பின்பு வந்த கனவில் அவர் சிநேகிதனின் அருகே மண்டியிட்டு, வீட்டாருக்கு அனுப்புவதற்காக அவன் உடைமைகளை மெல்ல எடுத்துக்கொண்டிருந்தார். விழித்தபோது மனத்தில் இருந்தது பீதியன்று, துக்கம்.

எல்லாருக்கும் இவ்வழி பலித்ததென்று ரிவர்ஸ் சொல்லிக்கொள்ளவில்லை. வெடியால் தூக்கியெறியப்பட்டு, அழுகிய பிணமொன்றின் வயிற்றில் முகம் புதைந்த ஒருவருக்கு ஆறுதலாகச் சொல்ல அவருக்கே ஒரு வார்த்தையும் கிடைக்காமல், பட்டாளத்தை விட்டுக் கிராமத்துக்குப் போய்விடும்படி சொல்லியனுப்பினார். மற்றவர்கள் விஷயத்தில் அவருடைய உத்தியோகமோ, குணப்படுத்தி மீண்டும் யுத்தகளத்துக்கே அனுப்புவது. யுத்தம் அநியாயமாக நீட்டிக்கப்படுகிறது என்று பகிரங்கமாக அறிவித்ததற்காக 1917 ஜூலையில் அங்கே அனுப்பப்பட்ட கவி சீக்பிரிட் சஸூனிடம் நோய் எதையும் அவர் காணவில்லை. ஆயினும் கடமையின் பக்கமே நின்று பேசினார். சஸூன் திரும்பிப் போய்க் காயத்தோடு உயிர் பிழைத்தார். அங்கேயே ஆர்தர் பிராக் என்ற வைத்தியரிடம் சிகிச்சை பெற்றுத் தேறிய வில்பிரட் ஓவன் என்ற இளங்கவியும் திரும்பிப் போனார். சண்டை ஓய்வதற்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4ஆம் தேதி, அவர் கொல்லப்பட்டார். அன்பு நிறைந்த வைத்தியம்கூட இறுதியில் யாருக்காக நடந்தது என்ற இக்கேள்வி ரிவர்ஸையும் வருத்தியிருக்க வேண்டும்.

யுத்தத்துக்குப் பின் விசாரணைக் குழு அமைந்து 1922ல் அறிக்கை வந்தது. 1930ல் கோழைத்தனத்துக்கும் பட்டாளத்தை விட்டு ஓடுவதற்கும் இருந்த மரண தண்டனை நீங்கிற்று. வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியவர்களின் பிரயத்தனத்தால், 1980ல் அமெரிக்க மனோவைத்தியர்கள் இவ்வியாதியை வேறு பெயரில் தங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். ஹாரி பாரின் மகள் தம் முதுமையிலும் விடாது போராட, 2006ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அவனுக்கும், அவனைப்போல் சுடப்பட்ட மற்றவர்களுக்குமாக 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. ஆனால் அம்மன்னிப்பு தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது என்று அதே சட்டம் சேர்த்துச் சொல்கிறது. ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்த அரசாங்கம், அந்த நோயையே குற்றமாகக் கருதி அவனைச் சுட்டிருக்கிறது. இதில் மன்னிக்கப்பட வேண்டியவன் அவனல்லன். அந்தத் தீர்ப்பு ரத்தாக வேண்டும்.