பழைய தண்டனையும் புதிய உத்தியோகமும்

சிறைவாசம் முடித்து வெளியே வந்தவன் ஜீவனத்துக்கு வழி தேடிப் போகுமிடமெல்லாம் அவனுடைய பழைய குற்றமும் உடன் வந்து நின்ற கொடுமையைப் பிரிட்டிஷ் சமுதாயம் நெடுங்காலம் இயல்பானதாகவே கருதி வந்தது. 1853ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தவணை முடியுமுன் விடுவிக்கப்பட்ட கைதிகளுக்கு அனுமதிச் சீட்டு ஒன்று வழங்கப்பட்டது. 1864 முதல் அவர்கள் மாதந்தோறும் போலீஸாரிடம் ஆஜராகவும் வேண்டியிருந்தது. போலீஸார் எஜமானரிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிடுவதால் கிடைத்த வேலையும் பறிபோகிறது என்ற முறையீடு அக்காலத்தில் ஓயாமல் எழுந்தது.

இந்த அநீதிக்கு முடிவு காணவேண்டுமென்று ஹவார்டு சங்கம் முதலிய மூன்று அமைப்புகள் சேர்ந்து நியமித்த குழு, முன்னாள் லார்டு சான்ஸலரான கார்டினர் பிரபுவின் தலைமையில் ஆராய்ந்து 1972இல் அறிக்கை வெளியிட்டது. அதன் பயனாக 1974இல் பிறந்த சட்டம் அடுத்த ஆண்டு ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது.

இச்சட்டம் பழைய பதிவை அழித்துவிடவில்லை; கேள்வியின் கூர்மையையே மழுக்கிவிட்டது. திருட்டுக் குற்றத்துக்காக நான்கு மாதம் சிறை சென்ற ஒருவன், தீர்ப்பு நாளிலிருந்து ஏழாண்டுகள் வேறு குற்றமின்றிக் கழித்தபின் ஒரு கிடங்கில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 'முன்பு தண்டனை அடைந்ததுண்டா?' என்று தாளில் கேட்டிருந்தால், அந்தக் கேள்வி அவனுடைய பழைய தண்டனையைக் குறிக்கவில்லை என்றே கொள்ளப்படுமாதலால், அவன் அச்சமின்றி 'இல்லை' என்று எழுதலாம். பின்னர் உண்மை வெளிப்பட்டாலும் அதைக் காரணமாக்கி அவனை நீக்குவது தகாது. பொய் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தத்திலிருந்து ஒரு மனிதனை மீட்ட இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஆனால் முப்பது மாதத்துக்கு மேற்பட்ட சிறைத் தண்டனைக்கு இந்தச் சலுகை என்றுமே கிடையாது என்பதுதான் அன்றைய விதி. மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் போன்றோரின் பணிகளுக்கு 1975இலேயே விலக்கு வகுத்தார்கள். குழந்தைகளையும் நோயாளிகளையும் ஒப்படைக்கும் இடங்களில் அது நியாயமே. வேலை மறுக்கப்பட்டவனுக்குத் தனிப் பரிகாரம் எதுவும் வகுக்காததுதான் பெருங்குறை.

முப்பது மாத வரம்பு நான்கு ஆண்டாக உயர 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. கொடிய குற்றங்கள் நீங்கலாக, அதற்கும் மேற்பட்ட தண்டனைகளுக்கு வழி திறந்தது 2023இல்தான். அன்று ஏழாண்டு காத்திருந்த அதே நான்கு மாதச் சிறைவாசிக்கு, இன்று தண்டனை முடிந்தபின் ஓராண்டே போதும்; இதைச் செய்ய அரை நூற்றாண்டு தாமதித்திருக்க வேண்டியதில்லை.