எரிச்சலும் சுவாலையும்: பாணந்துறை விவாதத்தில் ஒரு சொல்

1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய நாட்களில் இலங்கையில் பௌத்தருக்கும் கிறித்தவருக்கும் இடையே நடந்த பாணந்துறை விவாதம் பௌத்த மறுமலர்ச்சியின் திருப்புமுனையாகவே பெரிதும் பேசப்படுகிறது. வேதம் பிழையற்றதா என்ற கேள்வி அங்கே ஒற்றைச் சொல்லில் வந்து முட்டிய இடத்துக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. யாத்திராகமம் 20:5இல் கடவுளைக் குறிக்கும் எபிரேய அடைமொழிக்குப் பொறாமை, வைராக்கியம் என இரு பொருளும் உண்டு. சிங்கள விவிலியத்தில் அது 'ஜ்வலித' என்று நின்றது. பௌத்தத் தரப்பில் வாதிட்ட மிகெட்டுவத்தே குணானந்த தேரர் அதைப் பிடித்துக்கொண்டார். ஒளிர்வது என்று பொருள்படும் சொல்லைப் போட்டு, கடவுளின் பொறாமையைப் பாதிரிமார் மறைத்துவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அமெரிக்கரான பீபிள்ஸ் வெளியிட்ட விவாத அறிக்கையின் ஆங்கிலப் பதிப்பின் வழியே இவ்வாசிப்பு கடல் கடந்தும் சென்றது.

குணானந்தர் காட்டிய பிழை உண்மையானது. அதற்கு அவர் கற்பித்த நோக்கத்தை ஏற்கத் தயங்குகிறேன். இத்தயக்கத்துக்குத் தமிழே காரணம். பழைய தமிழ் விவிலியம் அதே இடத்தில் 'எரிச்சலுள்ள' என்று சொல்கிறது. எரிச்சலின் வேர் எரி. ஜ்வலிதவின் வேரிலிருந்து நம்மிடம் வந்தது சுவாலை. இரு மொழிபெயர்ப்புகளும் நெருப்பின் பக்கம் போயிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் உபாகமம் 4:24 ஒரே வசனத்தில் கடவுளைப் பட்சிக்கும் அக்கினி என்றும் அதே அடைமொழியாலும் அழைக்கிறது. நெருப்பும் வைராக்கியமும் மூலத்திலேயே அருகருகே நிற்கும்போது, சிங்களத்தில் மொழிபெயர்த்தவர் ஒன்றன் சாயலை மற்றதில் ஏற்றியிருக்க இடமுண்டு. அச்சொல் எந்தப் பதிப்பில் முதலில் நுழைந்தது என்பதை விவாத அறிக்கையை மட்டும் வைத்து முடிவுகட்ட இயலாது. ஆகவே இதை ஊகம் என்ற அளவிலேயே முன்வைக்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. தமிழில் எரிச்சல் என்றால் பொறாமையும் உடனே நினைவுக்கு வரும். வயிற்றெரிச்சல் என்ற வழக்கே போதும். ஜ்வலிதவில் அந்தப் பொருள் இல்லை. சிங்கள வாசகர் கண்டது பிரகாசத்தை மட்டுமே. மறுப்பு சரிதான். ஆனால் அது வாசகருக்கு என்ன கிடைத்தது என்பதை நிறுவுகிறதே ஒழிய, மொழிபெயர்த்தவர் என்ன எண்ணினார் என்பதை நிறுவவில்லை. கிறித்தவத் தரப்புக்கும் இதனால் ஆறுதல் இல்லை. பிழை மொழிபெயர்ப்பினுடையது, மூலம் பிழையற்றது என்று அவர்கள் சொல்லலாம். எபிரேயம் அறியாத பாணந்துறைக் கூட்டத்துக்கு எட்டாத நூலில் அந்தப் பிழையின்மை குடியிருந்தால், அதை முன்வைத்து அவர்களை எப்படி இணங்கவைப்பது? பாதிரிமாருக்கு மறுப்பாகச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' குணானந்தரின் வழியிலிருந்து வேறான வழியில் சென்றது. விவிலியத்தைப் பொய்யென்று தள்ளாமல், அதிலுள்ள ஆலயம், தூபம், பலி ஆகியவற்றைக் காட்டிச் சைவ வழிபாட்டைக் காத்தது. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். சொற்களின் வலிமையும் வழுக்கலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

சொல் மாறினால் நம்பிக்கை குலையுமா என்ற கேள்வியை உடப்பிலிருந்து பார்ப்பது பயன்தரும். சிலாபத்துக்கு வடக்கே, கத்தோலிக்க ஊர்கள் நிறைந்த கரையில், திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் தமிழ்ச் சைவ மீனவர் ஊர் அது. வியாசர் பாரதத்தில் திரௌபதி வேள்வித் தீயில் பிறக்கிறாள். மீண்டும் தீயில் இறங்குவது தமிழ் மரபு சேர்த்தது. அதனால் தீக்குழியில் இறங்கும் அடியாரின் நேர்த்தி செல்லாது என்று எவரும் வாதிடுவதில்லை. இது தர்க்கத்துக்கு அஞ்சி ஒதுங்குவது என்று கொள்ளலாகாது. வில்லிபுத்தூரார் ஒரு விதமாகவும் நல்லாப்பிள்ளை வேறு விதமாகவும் பாரதம் பாடியதை அறிந்த மரபில், பாட வேறுபாடு நம்பிக்கையைக் குலைக்கும் சான்றாக எண்ணப்படவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் பிழையற்றது என்று முன்கூட்டியே பிணை கொடுத்தவருக்குத்தான் ஜ்வலித என்ற ஒரு சொல் அத்தனை பெரிய இடராயிற்று.