ஒன்பது அணைகளுக்கு மேலே ஒரு மேசை

கொலம்பியா ஆற்றின் வரலாற்றுக்குள் நான் நுழைந்தது போராட்டக் கதைகளைத் தேடித்தான். அதற்கு அங்கே பஞ்சமில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பழங்குடிகள் மீன்பிடித்த செலைலோ அருவி, 1957 மார்ச் 10 அன்று டாலஸ் அணையின் நீரில் சில மணி நேரத்தில் மூழ்கிப்போனது. யகமா பழங்குடியைச் சேர்ந்த டேவிட் சொஹாப்பி தன் ஒப்பந்த உரிமைக்காக வழக்குப் போட்டு 1969இல் வென்றார். பிறகு 80களில் அதே ஆற்றில் மீன் பிடித்த குற்றத்துக்காகச் சிறைக்கும் போனார். இப்படியே படித்துக்கொண்டு வந்தால், கதையின் கடைசியில் வந்து நிற்பது ஒரு கமிட்டி. மேல் கொலம்பியா சால்மன் மீட்பு வாரியம். முன்மொழிவு, வழிமொழிவு, பட்ஜெட். என்னடா இது, இவ்வளவு பெரிய சண்டை கடைசியில் ஒரு கூட்ட அறையிலா வந்து முடியணும் என்று முதலில் சலிப்பாகத்தான் இருந்தது.

அந்த மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் சலிப்பு போனது.

வாஷிங்டன் மாநிலத்தின் நடுப்பகுதியில் ஷெலான், டக்ளஸ், ஓகனாகன் என்று மூன்று கவுண்டிகள் இருக்கின்றன. கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம்மூர் மாவட்டம், ஆனால் அதை நடத்துவது மக்கள் தேர்ந்தெடுத்த கமிஷனர்கள். ஆப்பிள் தோட்டக்காரர்கள், மாட்டுப் பண்ணைக்காரர்கள், வாய்க்கால் பாசனக்காரர்கள் ஓட்டுப்போட்டு அனுப்பியவர்கள். ஒரு பக்கம் இவர்கள். இன்னொரு பக்கம் யகமா தேசத்தின் பிரதிநிதியும், பன்னிரண்டு குழுக்கள் சேர்ந்த கோல்வில் கூட்டமைப்பின் பிரதிநிதியும். 1999 வாக்கில் இந்த ஐந்து தரப்பும் ஒரே வாரியமாக உட்கார்ந்தன. அவர்கள் காப்பாற்ற வேண்டியது வெனாச்சி, என்டியாட், மெட்ஹவ், ஓகனாகன் ஆகிய கிளை ஆறுகளுக்குத் திரும்பிவரும் மீன்களை.

திரும்பிவருவது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். மெட்ஹவ் ஆற்றில் பிறந்த சினூக் சால்மன் கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் திரும்பும்போது 800 கிலோமீட்டருக்கும் மேல் எதிர்நீச்சல் போட வேண்டும். வழியில் ஒன்பது அணைகள். கீழே உள்ள நான்கு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையுடையவை. மற்ற ஐந்தும் உள்ளூர்ப் பொது மின்வாரியங்களுடையவை. அதாவது ஷெலான், டக்ளஸ், பக்கத்து கிராண்ட் கவுண்டி மக்களுடையவை. அணை என்றாலே தூரத்து அரசாங்கம் கட்டியது என்ற சித்திரம் இங்கே பாதிதான் சரி.

இந்த மேசையில் பழங்குடிகளுக்கு இடம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. 1855 ஜூனில் வாலா வாலாவில் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸுடன் யகமாக்கள் போட்ட ஒப்பந்தத்தில், பெருநிலப்பரப்பை விட்டுக்கொடுத்தபோதும், வழக்கமாக மீன்பிடிக்கும் இடங்களில் குடியேறிகளோடு பொதுவாக மீன் பிடிக்கும் உரிமையை அவர்கள் தக்கவைத்துக்கொண்டார்கள். ‘பொதுவாக’ என்ற அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லவே நூறு வருஷத்துக்கு மேல் நீதிமன்றங்கள் பாடுபட்டன. 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், மேற்கு வாஷிங்டன் வழக்கில், பிடிக்கத்தக்க மீனில் பாதி என்று தீர்ப்பளித்தார். அந்தக் கணக்கு பிறகு கொலம்பியாவுக்கும் வந்தது. சரி, பாதி கிடைத்தாச்சு. எதில் பாதி? ஆற்றில் மீன் இருந்தால்தானே.

ஏன் மீன் இல்லை என்பதற்கு நிறைய பதில்கள் உண்டு. எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்றுதான். கிராண்ட் கூலி அணை. (தமிழில் எழுதிப் பார்த்தால் பெயரே ஒரு மாதிரி இருக்கிறது. யார் வாங்கிய கூலி, யார் கொடுத்தது என்று கேட்கத் தோன்றும்.) 1933இல் வேலை தொடங்கிய இந்த அணையில் மீன் ஏணி கிடையாது. மேலே கனடாவரை நீண்டிருந்த மீன்களின் வழி அதோடு மூடப்பட்டது. 1940 ஜூனில் கெட்டில் அருவியில் பழங்குடிகள் பல ஊர்களிலிருந்து கூடி, மூழ்கப்போகும் அருவிக்குத் துக்கம் அனுசரித்தார்கள். அதைக் கண்ணீர்ச் சடங்கு என்றே சொல்கிறார்கள்.

அதே நேரத்தில் அரசாங்கம் ஒரு மாற்று ஏற்பாடும் செய்தது. 1939 முதல் 1943 வரை, ஆற்றில் மேலேறி வந்த மீன்களை ராக் ஐலண்ட் அணையிலேயே பிடித்தார்கள். லாரியில் ஏற்றி, கீழே இருந்த கிளை ஆறுகளிலும் புதிதாகக் கட்டிய குஞ்சு பொரிப்பகங்களிலும் விட்டார்கள். லெவன்வொர்த், என்டியாட், வின்த்ராப் பொரிப்பகங்கள் அப்படி வந்தவைதான். யோசிச்சுப் பாருங்க. கனடா எல்லைக்குப் போக வேண்டிய மீன், வெனாச்சிக்குப் போக வேண்டிய மீன், மெட்ஹவ் மீன் எல்லாம் ஒரே லாரியில். தான் பிறந்த ஓடையின் வாசனையைத் தேடித் திரும்புகிற ஜீவனை, யாரோ ஒருத்தர் வேறொரு ஓடையில் கொட்டிவிட்டுப் போகிறார். இன்று அந்த வாரியம் ‘இயற்கையானவை’ என்று காப்பாற்ற முயலும் மீன்கள் இந்தக் கலப்பின் வாரிசுகள். ஒருவகையில் அவையும் குடிபெயர்க்கப்பட்டவை.

1999 மார்ச்சில் மேல் கொலம்பியாவின் வசந்தகால சினூக், அழியும் நிலையில் உள்ள இனம் என்று கூட்டரசுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஸ்டீல்ஹெட் 1997இலேயே சேர்ந்திருந்தது. அதன் விளைவு மெட்ஹவ் பள்ளத்தாக்கில் உடனே தெரிந்தது. தேசிய வனத்தின் வழியே போகும் ஸ்கைலைன், ஏர்லி வின்டர்ஸ் போன்ற வாய்க்கால்களின் மதகுகள் மீனுக்காக அடைக்கப்பட்டன. தலைமுறைகளாகத் தண்ணீர் பாய்ந்த வயல் அது. ஓகனாகன் கவுண்டி வழக்குப் போட்டது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வன நிலத்தில் வாய்க்கால் போக அனுமதி தரும்போதே கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசு வைத்துக்கொண்டிருந்தது என்று சொல்லி கவுண்டியைத் தோற்கடித்தது.

அதாவது, மீன் துறைக்கு எதிராக வழக்கு நடத்திய அதே கவுண்டி, அதே வருஷங்களில், மீனைக் காப்பாற்றும் மேசையிலும் உட்கார்ந்திருந்தது. இதை முதலில் இரட்டை வேடம் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வெளியிலிருந்து மதகை அடைக்கும் கையைப் பார்த்து பயந்தவர்கள்தான், நம்ம ஆற்றைப் பற்றி நாமே திட்டம் போடுவோம் என்று முன்வந்தார்கள். மாநிலமும் அதற்கேற்ப 1998இல் சட்டம் போட்டிருந்தது. கவுண்டிகளும் நகரங்களும் பழங்குடிகளும் சேர்ந்து வேலைப் பட்டியல் தயாரித்தால், மாநில அளவிலான நிதி வாரியம் பணம் தரும். பயத்தில் பிறந்த ஜனநாயகம்தான். இருந்துட்டுப் போகட்டும்.

வாரியத்துக்கு அதிகாரம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. யாருடைய நிலத்தையும் எடுக்க முடியாது, மதகை அடைக்க முடியாது, அபராதம் போட முடியாது. நிலக்காரர் சம்மதித்தால்தான் வேலை. ஆகவே பெரும்பாலும் நடப்பது பேச்சு. வாய்க்கால் தலைமடையில் சல்லடை போட்டால் குஞ்சுகள் தோட்டத்துக்குள் போய்ச் சாகாது என்று ஒருவருக்குப் புரியவைப்பது. கரை போட்டுத் துண்டித்த பழைய ஓடைக்காலை மறுபடி ஆற்றோடு இணைக்க இன்னொருவரிடம் கேட்பது. இதில் மரக்கட்டை வேலை எனக்குப் பிடித்தது. ஒரு காலத்தில் அரசுத் துறைகளே மீனுக்குத் தடை என்று ஆற்றில் விழுந்த மரங்களை இழுத்துப் போட்டன. அந்த மரங்கள்தான் குஞ்சுகளுக்கு மறைவிடமும் ஆழமும் தந்தன என்று பிறகு தெரிந்தது. இப்போது காசு கொடுத்து, இயந்திரம் வைத்து, அதே மாதிரி மரங்களை மறுபடியும் ஆற்றில் போடுகிறார்கள்.

இந்த வாரியம் எழுதிய மீட்புத் திட்டத்தைக் கூட்டரசு 2007இல் ஏற்றுக்கொண்டது. நிலம் பற்றிய பேச்சு உள்ளூரில். அணை பற்றிய பேச்சு வேறு இடங்களில், மின்வாரியங்களோடு போட்ட ஐம்பது ஆண்டு உடன்படிக்கைகளில். இந்தப் பிரிவினை எனக்கு உறுத்துகிறது. மெட்ஹவ்வில் ஒரு விவசாயி தன் கரையை விட்டுக்கொடுக்கும்போது, அந்த ஓடையில் வளர்ந்த குஞ்சு கடலுக்கு இறங்கும் வழியில் ஒன்பது முறை கண்டத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. வசந்தகால சினூக் இன்னும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பேசி என்ன கிடைத்தது என்று கேட்பவரிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆனால் ஓகனாகன் ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே வசந்தகால சினூக் அறவே அழிந்துபோயிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர கோல்வில் பழங்குடிகள் முயன்றபோது, விவசாயிகளின் அச்சம் இயல்பானது. பட்டியலில் உள்ள மீன் வந்தால் மதகு அடைபடும், மெட்ஹவ்வில் பார்த்தாச்சே. அதனால் 2014இல் கூட்டரசு அந்த மீனுக்கு ‘பரிசோதனைக் கூட்டம்’ என்று தனித் தகுதி கொடுத்தது. மீன் வரலாம். சட்டப்படியான வேலையைச் செய்யும்போது தற்செயலாக அது செத்தால் விவசாயி குற்றவாளி ஆக மாட்டார். அந்த விதியை எழுதியது வாரியம் இல்லை. ஆனால் அதன் இரண்டு பக்கமும் யார் யார் பயம் என்று எனக்கு அந்த மேசையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

ஓகனாகனில் விட்ட குஞ்சுகள் வந்தது வின்த்ராப் பொரிப்பகத்திலிருந்து. கிராண்ட் கூலிக்கு ஈடாக, அந்த லாரிக் காலத்தில், மெட்ஹவ் கரையில் கட்டினார்களே, அதே பொரிப்பகம்.