மனிதச் செரிமான மண்டலம்

மனிதச் செரிமான மண்டலம் என்பது, உண்ட உணவை உடல் பயன்படுத்தக்கூடிய எளிய பொருள்களாகச் சிதைத்து, அவற்றையும் நீரையும் குருதியில் சேர்த்து, எஞ்சிய கழிவை வெளியேற்றும் உறுப்புகளின் தொகுதியாகும். இது சீரண மண்டலம் என்றும், இலங்கைத் தமிழில் சமிபாட்டுத் தொகுதி என்றும் அழைக்கப்படுகிறது. வாயில் தொடங்கிக் குதத்தில் முடியும் உணவுப்பாதையும், அதனுடன் இணைந்த உமிழ்நீர்ச் சுரப்பிகள், கல்லீரல், பித்தப்பை, கணையம் ஆகிய துணை உறுப்புகளும் இதில் அடங்கும்.

உணவைச் சிதைப்பது இம்மண்டலத்தின் பணிகளுள் ஒன்று மட்டுமே. உறிஞ்சுதல் அதற்கு இணையான பணியாகும். நாள்தோறும் ஏறத்தாழ 9 லிட்டர் நீர்மம் குடலுக்குள் வருகிறது. அதில் 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே மலத்துடன் வெளியேறுகிறது. இந்த மீட்பு தடைப்படும்போது வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது. உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்புக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாக அது இன்றும் உள்ளது.

வாயும் உணவுக்குழலும்

செரிமானம் வாயில் தொடங்குகிறது. பற்கள் உணவை அரைக்கின்றன. மூன்று இணை உமிழ்நீர்ச் சுரப்பிகள் சுரக்கும் உமிழ்நீர் அதை ஈரமாக்குகிறது. உமிழ்நீரில் உள்ள அமைலேசு என்னும் நொதி மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக உடைக்கத் தொடங்குகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தோன்றுவது இதனாலேயே ஆகும்.

விழுங்கும்போது குரல்வளை மூடி மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்கிறது. சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழலின் தசைகள் அலை அலையாகச் சுருங்கி உணவைக் கீழே தள்ளுகின்றன. இது அலைவியக்கம் எனப்படும். புவியீர்ப்பு இதற்குத் துணைபுரிந்தாலும் இன்றியமையாதது அன்று. படுத்திருக்கும்போதும் உணவு இரைப்பையை அடைகிறது.

இரைப்பை

இரைப்பை உணவைத் தற்காலிகமாகச் சேமித்துக் கடைந்து கூழாக்கும் தசைப்பை ஆகும். இதன் சுவரிலிருந்து ஐதரோகுளோரிக் அமிலமும் பெப்சின் நொதியின் முன்வடிவமும் சுரக்கின்றன. அமிலம் பெரும்பாலான நுண்ணுயிரிகளைக் கொல்வதுடன், பெப்சின் புரதங்களை உடைப்பதற்கு ஏற்ற சூழலையும் உண்டாக்குகிறது. இரைப்பைச் சுவரை அதன் சொந்த அமிலத்திலிருந்து கெட்டியான சளிப்படலம் காக்கிறது.

இப்படலம் சிதையும் இடத்தில் குடற்புண் உண்டாகிறது. காரமும் மனக்கவலையுமே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆத்திரேலிய மருத்துவர்களான பாரி மார்சலும் இராபின் வாரனும் எலிக்கோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவுக்கும் குடற்புண்ணுக்கும் உள்ள தொடர்பை 1980களில் காட்டினர். இதற்காக 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. சில வலிநீக்கி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வதும் குடற்புண்ணுக்கு மற்றொரு முக்கியக் காரணமாகும்.

சிறுகுடலும் துணை உறுப்புகளும்

செரிமானத்தின் பெரும்பகுதி சிறுகுடலில் நிகழ்கிறது. இது முன்சிறுகுடல், இடைச்சிறுகுடல், பின்சிறுகுடல் என மூன்று பகுதிகளைக் கொண்டது. இரைப்பையிலிருந்து அமிலத்தன்மையுடன் வரும் கூழைக் கணைய நீரில் உள்ள பைகார்பனேட்டு நடுநிலையாக்குகிறது. பின்னர் பின்வரும் மாற்றங்கள் நிகழ்கின்றன.

- மாவுச்சத்து: கணைய அமைலேசும் குடற்சுவரின் நொதிகளும் இதைக் குளுக்கோசு போன்ற ஒற்றைச் சர்க்கரைகளாக மாற்றுகின்றன.
- புரதம்: திரிப்சின் முதலிய நொதிகள் இதை அமினோ அமிலங்களாகவும் சிறு பெப்டைடுகளாகவும் உடைக்கின்றன.
- கொழுப்பு: கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் சேமிக்கப்படும் பித்தநீர் கொழுப்பை நுண்துளிகளாகப் பிரிக்கிறது, கணைய இலைப்பேசு அத்துளிகளைச் சிதைக்கிறது. பித்தநீரில் செரிமான நொதிகள் இல்லை.

பாலில் உள்ள இலாக்டோசு என்னும் சர்க்கரையை உடைக்கும் இலாக்டேசு நொதி, குழந்தைப் பருவத்திற்குப் பின் பலருக்குக் குறைந்துவிடுகிறது. தென்னிந்தியரிடையே இது பரவலாகக் காணப்படுகிறது. பால் குடித்தால் வயிறு உப்பும் சிலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்கு, புளிக்கும்போது இலாக்டோசின் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் பயன்படுத்திவிடுவதும் ஒரு காரணமாகும்.

உறிஞ்சுதல்

சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற எண்ணற்ற குடலுறிஞ்சிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் செல்களின் மேற்பரப்பில் இன்னும் நுண்ணிய உறிஞ்சிகள் உள்ளன. இவ்வமைப்பால் உறிஞ்சும் பரப்பு பன்மடங்கு பெருகுகிறது. இப்பரப்பு ஒரு தென்னிசு ஆடுகளத்திற்கு ஒப்பானது என்று பாடநூல்களில் கூறப்பட்டு வந்தது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, உணவுப்பாதை முழுவதின் உட்பரப்பு ஏறத்தாழ 32 சதுர மீட்டர் எனக் கணக்கிட்டது.

சர்க்கரையும் அமினோ அமிலங்களும் குருதி நுண்குழாய்கள் வழியாகக் கல்லீரலை அடைகின்றன. கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர் நாளங்கள் வழியாகச் செல்கிறது. வைட்டமின் பி12, பித்த உப்புகள் ஆகியவை பின்சிறுகுடலில் உறிஞ்சப்படுகின்றன.

குளுக்கோசு மூலக்கூறு செல்லுக்குள் தனியே நுழைவதில்லை. குடற்செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு கடத்துப் புரதம், ஒரு குளுக்கோசு மூலக்கூறுடன் இரண்டு சோடிய அயனிகளையும் சேர்த்தே உள்ளே கொண்டுசெல்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்புகுகிறது. சோடியமும் குளுக்கோசும் இணைந்து கடத்தப்படும் இக்கருத்தை இராபர்ட்டு கிரேன் 1960இல் முன்வைத்தார்.

பெருங்குடல்

செரிக்காத நார்ப்பொருளும் எஞ்சிய நீரும் பெருங்குடலை அடைகின்றன. இங்கு நீரும் உப்புகளும் மேலும் உறிஞ்சப்பட்டு மலம் கெட்டிப்படுகிறது. பெருங்குடலில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நார்ப்பொருளையும், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தையும் நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவ்வமிலங்கள் பெருங்குடற் செல்களுக்கு உணவாவதுடன், சோடியமும் நீரும் உறிஞ்சப்படுவதையும் தூண்டுகின்றன. சமைத்து ஆறிய சோற்றில் இவ்வாறு எளிதில் செரிக்காத மாவுச்சத்து, சுடுசோற்றில் உள்ளதைவிடச் சற்று மிகுதியாக உள்ளது.

நீர்க்கணக்கு

ஒரு நாளில் குடலுக்குள் வரும் நீர்மத்தின் தோராயமான அளவுகள்:

- உணவும் குடிநீரும்: 2 லிட்டர்
- உமிழ்நீர்: 1.5 லிட்டர்
- இரைப்பை நீர்: 2 லிட்டர்
- பித்தநீர்: 0.5 லிட்டர்
- கணைய நீர்: 1.5 லிட்டர்
- சிறுகுடல் நீர்: 1.5 லிட்டர்

இதில் பெரும்பகுதியைச் சிறுகுடலும் எஞ்சியதைப் பெருங்குடலும் மீட்கின்றன. குடிப்பது 2 லிட்டர் மட்டுமே; மற்ற 7 லிட்டரும் உடலிலிருந்தே சுரப்பவை. எனவே உறிஞ்சுதல் கெட்டால், எதுவும் உண்ணாத ஒருவரும் சில மணி நேரத்தில் ஆபத்தான நீரிழப்புக்கு உள்ளாகலாம்.

வயிற்றுப்போக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலும்

காலராக் கிருமியின் நச்சு, குடற்செல்களிலிருந்து குளோரைடு அயனிகளை இடைவிடாது வெளியேறச் செய்கிறது; நீரும் அதனுடன் வெளியேறுகிறது. இந்நச்சை 1959இல் கொல்கத்தாவில் சம்புநாத் தே கண்டறிந்தார். ஆனால் இந்நச்சு சோடியம்-குளுக்கோசுக் கடத்தியைப் பாதிப்பதில்லை. ஆகவே வெறும் நீரையோ உப்புநீரையோ ஏற்காத குடல், உப்பும் குளுக்கோசும் தக்க அளவில் கலந்த நீரை ஏற்கிறது.

1971இல் வங்கதேசப் போரின்போது போங்காவ் ஏதிலியர் முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் நீர்மம் போதாத நிலையில், மருத்துவர் திலீப் மகலநோபிசு இக்கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைப் புகட்டினர். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது. அவர் 2022இல் காலமானார். 2023இல் அவருக்குப் பத்ம விபூசண் விருது அறிவிக்கப்பட்டது.

உலக நலவாழ்வு அமைப்பு 2002 முதல் பரிந்துரைக்கும் கரைசலில், ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட்டு 2.9 கிராம் உள்ளன. பொட்டலத்தில் குறித்த அளவு நீரிலேயே இதைக் கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் கரைசல் செறிவாகிக் குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை மிகுதியாக்கும்.

தமிழ்நாட்டில் ஆய்வுகள்

உறிஞ்சுதல் குறைபாடு பற்றிய ஆய்வுகளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சிறப்பிடம் உண்டு. 1960களில் வடஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் கொள்ளைநோயாகப் பரவிய வெப்பமண்டல இசுப்புரூ என்னும் நோயைச் செல்வின் பேக்கர், வி. ஐ. மாதன் ஆகியோர் ஆராய்ந்தனர். இந்நோயில் குடலுறிஞ்சிகள் சிதைந்து, போதிய உணவு உண்டும் உடல் மெலிகிறது.

சிறுகுடலில் செரிக்காத சோளமாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால், காலரா நோயாளிகளின் நீரிழப்பும் போக்கின் கால அளவும் குறைவதை, இராமகிருட்டிணா குழுவினர் வேலூரில் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பெருங்குடலில் உண்டாகும் கொழுப்பு அமிலங்களைப் பயன்படுத்தும் முறை இது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா தீநுண்மத்திற்கான இந்தியத் தடுப்பூசியின் மருத்துவச் சோதனை தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் நடந்தது. தமிழ்நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா தடுப்பு மருந்து 2017இல் சேர்க்கப்பட்டது.

கொக்கிப்புழு

கொக்கிப்புழு சிறுகுடற் சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சும் ஒட்டுண்ணியாகும். மலத்தால் மாசுற்ற மண்ணில் வளரும் இதன் இளம்புழுக்கள் வெறுங்கால் தோல் வழியாக நுழைகின்றன. ஈரமும் நிழலும் உள்ள மண் இவற்றுக்கு ஏற்றது. ஏலமலைச் சரிவுகளில் மரநிழலில் அமைந்த தோட்டங்கள் போன்ற இடங்களில் காலணி அணிவதும் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன. நீடித்த தொற்று இரும்புச்சத்துக் குறைவையும் இரத்தச்சோகையையும் உண்டாக்கும். இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது.

ஏலக்காயும் செரிமானமும்

தேனி மாவட்டத்தில் சிலமலை முதலிய அடிவார ஊர்களை அடுத்துள்ள போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர்பெற்ற நகரமாகும். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்கு உள்ளது. உணவுக்குப் பின் ஏலக்காய் மெல்லுவது செரிமானத்திற்கு நல்லது என்பது பரவலான நம்பிக்கை. சித்த மருத்துவத்திலும் ஏலம் பயன்படுகிறது.

ஏலக்காயின் மணத்திற்குச் சினியோல், டெர்பினைல் அசிட்டேட்டு ஆகியவை முக்கியக் காரணங்களாகும். மணமும் சுவையும் உமிழ்நீர், இரைப்பை நீர் ஆகியவற்றின் சுரப்பை நரம்பு வழியே தூண்டுவது பொதுவான உடலியல் உண்மை. விலங்குகளின் குடல் தசையில் செய்த ஆய்வகச் சோதனைகளில் ஏலக்காய்ச் சாறு தசையைத் தளர்த்துவதும் காணப்பட்டுள்ளது. மனிதரிடம் பெற்ற சான்றுகள் குறைவு. வயிற்றுப்போக்கின்போது இது உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு மாற்றாகாது. மலத்தில் குருதி, இடைவிடாத வாந்தி, குழிவிழுந்த கண்கள், சிறுநீர் குறைதல், சோர்வு ஆகிய அறிகுறிகள் தோன்றினால் கரைசலைக் கொடுத்துக்கொண்டே நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.