ஏலத்துக்கு முன் ஓர் அறிக்கை: கொங்குத் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகை

கொங்கு நாட்டுத் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஏலம்தான். மஞ்சள் கொத்து, வாழைத்தார், தேங்காய், நாட்டுக்கோழி எல்லாம் ஆலயத்தில் வந்து குவியும். சந்தையில் சொற்ப விலை பெறும் பூசணிக்காய் பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே அதைத் திரும்பக் காணிக்கையாக வைக்க, மறுபடி ஏலம் கூறப்படும். இதைப் பண ஆசை என்று ஒதுக்குவது நியாயமல்ல. ஒரு முட்டை மட்டுமே கொண்டுவர முடிந்தவரின் காணிக்கைக்கும் சபை நடுவே மதிப்புக் கிடைக்கிறது. ஆயினும் இவ்விழாவின் வேரான யூத மரபில் நன்றிக் காணிக்கையோடு அறிக்கையும் பந்தியும் இணைந்திருந்தன.

உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் முதற்பலன் கூடையோடு வரும் உழவர், அலைந்து திரிந்த மூதாதையையும் எகிப்தில் பட்ட அடிமைத்தனத்தையும் சொன்ன பிறகே நிலத்தைப் பற்றிப் பேசுகிறார். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, செல்வர்கள் பொன்னும் வெள்ளியும் பூசிய கூடைகளிலும், ஏழைகள் பட்டை உரித்த மிலாறுக் கூடைகளிலும் கனிகளைக் கொண்டுவந்ததாகக் கூறுகிறது. உழவர் சொல்லும் இந்த அறிக்கையை ஓதத் தெரிந்தவர்கள் தாமே ஓதினார்கள். தெரியாதவர்களுக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தார். தெரியாதது வெளிப்படும் வெட்கத்துக்கு அஞ்சி அவர்கள் வராமலே நின்றுவிட்டார்கள். எனவே எல்லாருக்குமே சொல்லிக்கொடுப்பது என முறை மாற்றப்பட்டது. வழிபாட்டு வரலாற்றில் இத்தனை கரிசனமான திருத்தம் அரிது.

இந்த அறிக்கை கொங்குச் சபைகளுக்கும் பொருந்தும். லண்டன் மிஷன் என்னும் மிஷனரி அமைப்பு 1830இல் கோவையில் பணி தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈரோட்டு வட்டாரத்து அருந்ததிய மக்கள் திரளாகச் சபையில் சேர்ந்தார்கள். பிறர் தோட்டத்தில் பண்ணையாட்களாக உழைத்தவர்கள் அவர்களில் பலர். அறிக்கையில் நிலம் தந்தீர் என்னும் பிற்பாதியை அவர்களால் சொல்ல முடியாது. அடிமைத்தனத்தைச் சொல்லும் முற்பாதியோ அவர்களுடைய சொந்தக் கதை. அதை விட்டுவிட்டு விளைச்சலை மட்டும் முன்வைத்தால், விழா நிலமுள்ளவர்களின் நன்றியாகச் சுருங்கிவிடும்.

அறிக்கைக்கு அடுத்தது பந்தி. லேவியராகமம் 7ஆம் அதிகாரத்து ஸ்தோத்திரபலியை, அதாவது நன்றிப்பலியை, அன்றே உண்ண வேண்டும், விடியும்வரை மிச்சம் வைக்கக்கூடாது. யூதப் போதகர்களான ரபீக்களின் கணக்கில் அதனோடு 40 அப்பங்கள். ஆசாரியருக்கு 4 போக மீதி 36. ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று தீர்க்கிற அளவா இது? அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கிறிஸ்தவத் திருவிருந்தும் நன்றி சொல்லி அப்பம் பிட்ட பந்தியில் பிறந்ததே. கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்தி உண்டு, இல்லாதவர்களைப் பசியோடு விட்டதைப் பவுல் கடிந்துகொண்டார்.

ஏல வருவாய் ஆலயக் கட்டடத்துக்கும் ஊழியத்துக்கும் தேவை என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே உபாகமம் 26ஆம் அதிகாரம் மூன்றாம் ஆண்டுத் தசமபாகத்தை லேவியரோடு பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் ஒதுக்குகிறது. ஏலத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதற்கு முன் ஆயர் சொல்லச் சொல்ல, படித்தவரும் படிக்காதவரும் சேர்ந்து தம் முன்னோர் பட்ட பாட்டை அறிக்கையிடட்டும். வந்த அரிசியிலும் கோழியிலும் ஒரு பங்கு அன்று மதியமே அன்பின் விருந்தாகட்டும். சபைக் கமிட்டிகள் இதை அடுத்த பண்டிகையிலேயே தொடங்க வேண்டும்.